108-ல் சேர நினைப்பவர்களுக்கு: படிப்பு, தேர்வு, பயிற்சி, வண்டிக்குள் வேலை

108 ஆம்புலன்ஸில் வேலை செய்பவர்கள் இரண்டே பேர்தான். ஸ்டியரிங்கில் இருப்பவரைத் துறைக்குள் 'பைலட்' என்பார்கள். பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து வருபவர் மருத்துவ உதவியாளர், சுருக்கமாக இ.எம்.டி. டாக்டர் வண்டியில் வருவதில்லை. சந்தேகம் வந்தால் சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் டாக்டரைப் போனில் கேட்கலாம், அவ்வளவுதான். வண்டி கிளம்பியதும் பைலட்டின் கையும் கண்ணும் சாலைக்குப் போய்விடும். அதன் பிறகு பின் கேபினில் நீங்கள் ஒற்றை ஆள்.

இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் பலரும் ஊசி, மருந்து, மானிட்டர் ஆகியவற்றின் மீதே கண் வைக்கிறார்கள். வண்டிக்குள் காலை வாரிவிடுவது பெரும்பாலும் வேறு: சிலிண்டரில் மீதி எவ்வளவு, மாஸ்க் முகத்தோடு ஒட்டியிருக்கிறதா, ஸ்ட்ரெச்சர் லாக் விழுந்ததா. எந்தப் படிப்பை எடுத்தாலும் இவற்றைத் தனியாளாகச் செய்யக் கை பழகுகிறதா என்பதை வைத்தே அந்தப் படிப்பை எடை போடுங்கள்.

எந்த வாசல் வழியாக நுழைவது

முதல் வாசல், 108-ல் நேரடியாகச் சேருவது. தமிழ்நாட்டில் இந்தச் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது, அரசுக்காக இ.எம்.ஆர்.ஐ. நிறுவனம் நடத்துகிறது. ஆகவே இது அரசு வேலை அல்ல, நிறுவன வேலை. '108-ல் அரசு வேலை வாங்கித் தருகிறேன்' என்று ஒருவர் பணம் கேட்டால், அந்த வாக்கியத்தின் முதல் பாதியிலேயே பொய் தெரிந்துவிடும். ஆள் எடுப்பது மாவட்ட வாரியாக நடக்கும் முகாம்களில். அறிவிப்பு நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் வரும்.

அண்மை ஆண்டு அறிவிப்புகளில் மருத்துவ உதவியாளருக்குக் கேட்கப்படும் தகுதி ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கிறது. பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். ஆகிய நர்சிங் படிப்புகள், பிளஸ் டூவுக்குப் பிறகு டி.எம்.எல்.டி. எனப்படும் லேப் டெக்னீஷியன் டிப்ளமோ, இவற்றில் ஒன்று. அல்லது விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிர்த் தொழில்நுட்பம் போன்ற பாடங்களில் பட்டம். வயது 19 முதல் 30. பைலட்டுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, வயது 24 முதல் 35, உயரம் குறைந்தது 162.5 செ.மீ., இலகு ரக உரிமம் எடுத்து மூன்று ஆண்டு, பேட்ஜ் எடுத்து ஓராண்டு. வரம்புகள் அறிவிப்புக்கு அறிவிப்பு சற்று நகரும். போகும் முன் அந்தத் தேதிக்கான அறிவிப்பை ஒருமுறை பாருங்கள்.

இரண்டாவது வாசல், பட்டப்படிப்பு. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம். மூன்று ஆண்டு வகுப்பு, ஓராண்டு பயிற்சிப் பணி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும், நீட் தேவையில்லை. அரசுக் கல்லூரி இடங்களுக்கும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் மருத்துவத் தேர்வுக் குழு விண்ணப்பம் வாங்கி, மதிப்பெண் வரிசைப்படி கலந்தாய்வு நடத்தும். பிளஸ் டூ முடித்த கையோடு இருப்பவருக்கு எங்கள் பரிந்துரை இதுதான். நான்கு ஆண்டு நீளமாகத் தெரிந்தாலும், பின்னால் ஐ.சி.யூ., அவசர சிகிச்சைப் பிரிவு, வெளிநாடு எதுவானாலும் இந்தப் பட்டம் கூடவே வரும்.

மூன்றாவது, அரசு மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் ஓராண்டு அவசர சிகிச்சை டெக்னீஷியன் சான்றிதழ். செலவு குறைவு; நாள் முழுக்க அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியில் நிற்க வைப்பார்கள். அந்த நெரிசலில் ஓராண்டு நின்றவருக்குக் கை தானாகப் பழகும்.

இவை தவிரத் தெருவுக்குத் தெரு 'ஆறு மாத பாராமெடிக்கல் டிப்ளமோ' போர்டுகள் தொங்குகின்றன. அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அரசு அமைப்பு இதை அங்கீகரித்திருக்கிறது, எழுத்தில் காட்ட முடியுமா? பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை மணி நேரம்? ஆம்புலன்ஸில் ஏற்றுவீர்களா? 2021-ல் வந்த தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம், துணை மருத்துவப் பணியாளருக்கான படிப்பு குறைந்தது 2,000 மணி நேரமாவது இருக்க வேண்டும் என்கிறது. அவசர மருத்துவத் தொழில்நுட்பரும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறார். ஆறு மாதச் சான்றிதழின் எதிர்காலத்தை இதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் முதலுதவி வகுப்பின் சான்றிதழும் நல்லதுதான், ஆனால் அது இ.எம்.டி. தகுதி ஆகாது.

முகாமுக்குப் போகும் நாள்

அசல் சான்றிதழ்களும் நகல்களும் தனித்தனி உறையில் இருக்கட்டும். பைலட் என்றால் உரிமத்தின் தேதிகளை முதல் நாளே சரிபாருங்கள். பேட்ஜ் எடுத்து ஓராண்டு நிறைய ஒரு வாரம் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மருத்துவ உதவியாளருக்கு எழுத்துத் தேர்வு, பிறகு உடற்கூறியல், முதலுதவி, அடிப்படை நர்சிங் பற்றிய வாய்மொழித் தேர்வு, கடைசியாக மனிதவளத் துறை நேர்காணல். தாவரவியல் படித்துவிட்டு வருபவர் பெரும்பாலும் சறுக்குவது இரண்டாவதில். இரண்டு வாரம் ஒழுங்காக உட்கார்ந்தால் போதும். பெரியவருக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60–100, மூச்சு 12–20. பச்சிளங்குழந்தைக்கு நாடி 120–160. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் தாழ் சர்க்கரை. நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவு 3-லிருந்து 15 வரை. 8-ம் அதற்குக் கீழும் என்றால் மூச்சுப் பாதையைக் காக்க அவரால் முடியாது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எண்ணை மட்டும் ஒப்பிக்காமல், 'அப்படி இருந்தால் என்ன செய்வாய்?' என்ற அடுத்த கேள்விக்கும் பதிலோடு போங்கள். அதைக் கட்டாயம் கேட்பார்கள்.

நேர்காணலில் இரண்டு விஷயத்தை நீங்களும் கேட்டுவிடுங்கள். சொல்லும் சம்பளம் மொத்தமா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கைக்கு வருவதா? வேலை எந்த மாவட்டத்தில்? தமிழ்நாட்டில் எங்கு வேண்டுமானாலும் போடலாம் என்பது நிபந்தனை. ஷிப்ட் 12 மணி நேரம், பகலும் இரவும் மாறி மாறி. திருநெல்வேலிக்காரருக்குத் திருவள்ளூர் கிடைத்து, வாடகையும் சாப்பாடும் போக ஒன்றும் மிஞ்சாமல் சில மாதத்தில் வேலையை விடுவது இந்தத் துறையில் புதிதல்ல.

பயிற்சியில் எதைக் கெட்டியாகப் பிடிப்பது

தேர்வான மருத்துவ உதவியாளருக்கு 50 நாள் பயிற்சி: வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ். பைலட்டுக்கு 10 நாள். 50 நாளில் எல்லாம் வந்துவிடாது. ஆகவே எதில் நேரத்தைக் கொட்டுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் சி.பி.ஆர்., அதாவது நின்ற இதயத்துக்கு மார்பை அழுத்தி, மூச்சு கொடுப்பது. மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கை அடி. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். ஆழம் 5 முதல் 6 செ.மீ.; 30 அழுத்தம், 2 மூச்சு. நாடி பார்க்க 10 வினாடிக்கு மேல் எடுக்கக் கூடாது. புதியவர்கள் செய்யும் தவறு மூன்று. அழுத்திய பிறகு கையை முழுதாகத் தளர்த்தாமல் மார்பின் மேலேயே சாய்ந்திருப்பது. இதயத்தில் மறுபடி ரத்தம் நிறையாது. இரண்டு நிமிடம் தாண்டியும் ஆள் மாற்றாமல் தொடர்வது. உங்களுக்குக் களைப்பு தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடும். மூன்றாவது, இதயம் நின்றவர் அவ்வப்போது வாயைத் திறந்து ஒரு விக்கல் போல இழுப்பதை 'மூச்சு இருக்கிறது' என்று எண்ணிக் கையை எடுப்பது. அது மூச்சு அல்ல. ஓடும் வண்டியில் தரமான சி.பி.ஆர். செய்வது கடினம். தரையிலேயே தொடங்கி, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவியின் பேடை ஒட்டி, பைலட்டோடு மாறி மாறிச் செய்யுங்கள். ஸ்ட்ரெச்சர் மெத்தையில் செய்ய நேர்ந்தால் முதுகுக்குக் கீழே ஸ்பைன் போர்டு என்ற கெட்டிப் பலகை இருக்கட்டும். இல்லையென்றால் நீங்கள் அழுத்துவது மெத்தையைத்தான்.

அடுத்தது ஆம்பு பேக், கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை. பார்க்க எளிது, செய்யக் கடினம். ஒரு கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்கைப் பிடிக்க, மற்ற மூன்று விரல்கள் தாடை எலும்பைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். மாஸ்கை முகத்தின் மேல் அழுத்துவது தவறு. முகத்தை மாஸ்குக்குள் இழுக்க வேண்டும். பெரியவர்களுக்கான பையில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் காற்று பிடிக்கும். தேவை அதில் மூன்றில் ஒரு பங்குதான். மார்பு லேசாக எழும்பினால் நிறுத்திவிடுங்கள். பயத்தில் முழுப் பையையும் வேகமாக அமுக்கினால் காற்று வயிற்றுக்குள் போகும், வயிறு உப்பும், வாந்தி வரும், அது நுரையீரலுக்குள் இறங்கும். நாடி இருந்து மூச்சு இல்லாத பெரியவருக்கு 6 வினாடிக்கு ஒரு மூச்சு போதும். ஒரு கையால் மாஸ்க் ஒட்டவில்லை என்றால் கூச்சப்படாமல் பைலட்டைக் கூப்பிட்டு, ஒருவர் மாஸ்கைப் பிடிக்க மற்றவர் பையை அமுக்குங்கள். இது வண்டி நிற்கும்போது மட்டும்தான் நடக்கும் என்பதால், கிளம்பும் முன்பே அந்த முடிவை எடுக்க வேண்டும்.

மருத்துவமனைப் பயிற்சி நாட்களில் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் உண்டு. யாரும் கூப்பிட்டுச் சொல்லித்தர மாட்டார்கள். அங்கே யாருக்கும் நேரமில்லை. பிரசவ அறையில் குறைந்தது சில பிரசவங்களையாவது முதலிலிருந்து கடைசி வரை பாருங்கள். ஆம்புலன்ஸில் குழந்தை பிறப்பது அபூர்வமல்ல. குழந்தை வந்ததும் முதல் வேலை உலர்ந்த துணியால் துடைத்து, ஈரத் துணியை மாற்றி, தாயின் மார்போடு சேர்த்துப் போர்த்துவது. அழும் குழந்தைக்குத் தொப்புள்கொடியை வெட்ட அவசரம் இல்லை. ஒரு நிமிடமாவது காத்திருக்கலாம். பலரும் கொடியிலேயே கவனமாக இருந்து, வண்டியின் ஏ.சி. காற்றில் குழந்தையைக் குளிரவிட்டுவிடுவார்கள். தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கிறதா, அடிவயிற்றில் கருப்பை கல்லாக இறுகியிருக்கிறதா என்று கை வைத்துப் பார்ப்பதும் அதே நேரத்தில் நடக்க வேண்டும்.

ஷிப்ட் ஏறியதும் ஆக்சிஜன்

சரிபார்ப்புப் பட்டியலில் டிக் அடிப்பது வேறு, சரிபார்ப்பது வேறு. வாயில் தேங்குவதை உறிஞ்சும் சக்‌ஷன் மெஷினை ஆன் செய்து குழாய் நுனியில் விரலை வைத்து இழுக்கிறதா பாருங்கள். ஏ.இ.டி. பேடின் காலாவதித் தேதி, குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் தேதி, டெலிவரி கிட்டின் சீல், ஆம்பு பேக்கோடு குழந்தை மாஸ்க் இருக்கிறதா, சிலிண்டர் சாவி எங்கே தொங்குகிறது. சாவி காணாமல் போவதால் நிறைந்த சிலிண்டர் உதவாமல் போவது கேட்க வேடிக்கையாக இருக்கும். நோயாளி முன்னால் அது வேடிக்கை அல்ல.

ஆக்சிஜன் கணக்கைக் கட்டாயம் போடத் தெரிய வேண்டும். கையில் தூக்கிப் போகும் 'பி' டைப் சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 10 லிட்டர். நிறைந்தால் ஏறத்தாழ 1,500 லிட்டர் வாயு. கேஜில் 'பார்' அளவில் தெரியும் அழுத்தத்தை 10-ஆல் பெருக்கினால் மீதி லிட்டர் கிடைக்கும். முள் 50-ல் நிற்கிறது என்று வையுங்கள். கடைசி 15-ஐத் தொடக் கூடாத இருப்பாக விட்டுவிட்டால் 35. பத்தால் பெருக்க 350 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் 35 நிமிடம். மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு அது காணாது. வண்டியில் பொருத்திய 'டி' டைப் சிலிண்டரில் ஏறத்தாழ 7,000 லிட்டர் இருக்கும். அதன் அழுத்தத்தை 46-ஆல் பெருக்க வேண்டும். வால்வைத் திறந்து பார்த்தால்தான் முள் உண்மையைச் சொல்லும். ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது, தீப்பிடிக்கும்.

மூக்குக் குழாய்க்கு 1 முதல் 6 லிட்டர், சாதாரண மாஸ்குக்கு 6 முதல் 10, பை வைத்த மாஸ்குக்கு 10 முதல் 15. சிலிண்டரைச் சிக்கனம் செய்கிறேன் என்று பை வைத்த மாஸ்கில் 5 லிட்டர் விடுவது ஆபத்து. பை சுருங்கி, இருக்கும் மூச்சும் முட்டும். முதலில் மாஸ்குக்குள் இருக்கும் வால்வை விரலால் அடைத்துப் பையை நிரப்பிவிட்டுப் பிறகு முகத்தில் மாட்டுங்கள்.

சம்பவ இடத்தில்

வண்டியை எங்கே நிறுத்துவது என்பது பைலட்டின் முடிவு, ஆனால் இறங்கும் முன் இருவரும் ஒருமுறை பார்க்க வேண்டும்: அறுந்த மின்கம்பி, கசியும் பெட்ரோல், பின்னால் வரும் லாரிகள், கூட்டத்தின் மனநிலை. கூட்டம் 'சீக்கிரம் தூக்குங்க சார்' என்று கத்தும். கத்துவதற்காகத் தூக்கக் கூடாது. பேச்சுக்குப் பதில் வருகிறதா, மூச்சு, நாடி, பெருகும் ரத்தம். இவ்வளவுக்கும் ஒரு நிமிடம் போதும். கொப்பளிக்கும் ரத்தத்தை முதலில் கையால் அழுத்தி நிறுத்துங்கள், மற்றதெல்லாம் அப்புறம். உதவ நிற்பவரில் ஒருவரைக் கைகாட்டி 'அண்ணே, நீங்க இந்தத் தலையை இப்படியே பிடிங்க' என்று வேலை கொடுத்துவிட்டால் பாதிக் கூட்டம் அடங்கிவிடும்.

பாம்புக்கடி தமிழ்நாட்டுக் கிராமப்புற வண்டிகளுக்குப் பழகிய அழைப்பு. கடித்த கையையோ காலையோ அசையாமல் கட்டை வைத்துக் கட்டி, மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழற்றி, பாம்புக்கடி மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். வெட்டக் கூடாது, உறிஞ்சக் கூடாது. உறவினர்கள் ஏற்கெனவே கயிற்றால் இறுகக் கட்டியிருந்தால் அதைப் பின் கேபினில் சட்டென்று அவிழ்த்துவிடாதீர்கள். தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறி மூச்சு தடைபடலாம். கட்டுப்பாட்டு அறை டாக்டரிடம் சொல்லி, மருத்துவமனையில் ஆயத்தத்தோடு அவிழ்க்கட்டும். கட்டுவிரியன் கடி வேறு வகை. தரையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் வயிற்று வலி என்பார், கடித்த தடம் கூடத் தெரியாது. இமை கீழே தொங்குகிறதா, விழுங்க முடிகிறதா என்று பாருங்கள். இமை விழுந்தால் அடுத்து விழுவது மூச்சு. ஆம்பு பேக்கைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டே பயணம் செய்யுங்கள்.

பூச்சிமருந்து குடித்தவரிடம் கையுறை இல்லாமல் போகாதீர்கள். நனைந்த சட்டையைக் கழற்றி, ஜன்னலைத் திறந்துவிட்டு, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் நுரைப்பதை சக்‌ஷனால் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க யாரையும் விடாதீர்கள். பாட்டிலை ஒரு கவரில் போட்டு எடுத்து வாருங்கள். லேபிளில் இருக்கும் பெயர் டாக்டருக்கு அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

தூக்குவதில் ஒரே விதி: முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, பாரத்தை உடம்போடு ஒட்டி. 'ஒன்று, இரண்டு, மூன்று' என்பதை நோயாளியின் தலைமாட்டில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும். படியில் இறங்கும்போது கால் முன்னால், ஏறும்போது தலை முன்னால். வண்டிக்குள் தள்ளியதும் லாக் விழும் 'கிளிக்' சத்தம் கேட்டதா, மார்பு, இடுப்பு, கால் மூன்று பெல்ட்டும் போட்டாயிற்றா என்று பார்க்காமல் பைலட்டிடம் 'போகலாம்' என்று சொல்லாதீர்கள்.

ஒப்படைப்பு

கேஷுவாலிட்டி டாக்டர் உங்களுக்குத் தருவது அரை நிமிடம். அதற்குள் சொல்ல வேண்டிய வரிசை: வயது, நேரம், எப்படி நடந்தது, என்ன காயம், அளவுகள், என்ன செய்தோம். உதாரணமாக: 'ஆண், 35. ஏழே முக்காலுக்கு பைக்கில் போய் லாரியில் மோதியிருக்கார், ஹெல்மெட் இல்ல. வலது தொடை எலும்பு முறிவு, தலையில் வெட்டு. மொதல்ல பேசினார், இப்ப கூப்பிட்டா மட்டும் கண் திறக்கிறார். பல்ஸ் 124, பிபி 90/60, ஆக்சிஜன் அளவு 93. கழுத்துக்குக் காலர், காலுக்கு ஸ்பிளின்ட், ஆக்சிஜன் 10 லிட்டர் போட்டிருக்கோம்.' இதில் மிக முக்கியமானது 'மொதல்ல பேசினார்' என்பது. நிலை இறங்கிக்கொண்டிருக்கிறது என்பது உங்களைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது.

நோயாளி பதிவேட்டை அன்றே, அங்கேயே எழுதுங்கள். பார்க்காததை எழுதாதீர்கள்; 'குடித்திருந்தார்' என்று முடிவு கட்டாமல் 'வாயில் மது வாடை இருந்தது' என்று எழுதினால் நீதிமன்றத்தில் நிற்கும். நகை, போன், பணம் இருந்தால் பட்டியல் போட்டு, மருத்துவமனை அவுட்போஸ்ட் போலீஸிடமோ உறவினரிடமோ கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். இதில் சோம்பல் பட்டவர்களுக்குத் திருட்டுப் புகார் வந்திருக்கிறது. 'உயிர் போய்விட்டது' என்று சொல்வது உங்கள் வேலை அல்ல, டாக்டர் சொல்வார்.

உங்கள் உடம்பு

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் பயிற்சிக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். மூன்றாவது ஊசிக்கு ஒன்று, இரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி 10-க்கு மேல் (மி.ஐ.யூ./மி.லி. கணக்கில்) வந்ததா என்று ரத்தப் பரிசோதனை செய்தால்தான் வேலை முடிந்தது. ஊசி குத்திக்கொண்டால் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள், பிதுக்கக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பலனில்லை. 'மேலதிகாரி திட்டுவாரோ' என்று மறைப்பவர்களுக்குத்தான் இந்தக் கெடு தவறும்.

மூன்று நான்கு ஆண்டுக்குப் பிறகு

பெரும்பாலானோர் அதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். உள்ளேயே இருந்தால் பயிற்சியாளர், கட்டுப்பாட்டு அறை, மாவட்ட மேற்பார்வை என்று படிகள் உண்டு; இடங்கள் குறைவு. தனியார் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு அனுபவசாலிகளை எடுக்கும். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் அறை சட்டப்படி வேண்டும் என்பதால் ஒரகடம், ஓசூர் பக்கம் வேலை கிடைக்கிறது. அழைப்புகள் குறைவு, தூக்கம் நிச்சயம், கை மழுங்கும் ஆபத்தும் உண்டு.

வளைகுடா நாடுகளுக்குப் போக நினைப்பவர்கள் இன்றிலிருந்தே காகிதங்களைச் சேர்க்க வேண்டும். அங்கே உரிமத் தேர்வு எழுதும் முன் உங்கள் சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம் வழியாக, படித்த பல்கலைக்கழகத்தையும் வேலை பார்த்த நிறுவனத்தையும் நேரடியாகக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். அனுபவக் கடிதத்தில் பதவியின் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி மூன்றும் சம்பளச் சீட்டோடு ஒத்துப்போக வேண்டும். பெயரின் எழுத்துக்கூட்டல் பாஸ்போர்ட்டில் ஒன்றும் மதிப்பெண் பட்டியலில் ஒன்றுமாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அடிப்படை உயிர்காப்புச் சான்றிதழ், அதாவது பி.எல்.எஸ். அட்டை, இரண்டு ஆண்டுதான் செல்லும். விண்ணப்பிக்கும் நாளில் அது உயிரோடு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.